சீமைப்பொண்ணின் இடுப்பளவு

காரைக்கால் மாதா கோயில் தெருவில் லெயோனி மதாம் கடை திறந்த வருஷம், பாரிஸிலிருந்து வந்த பொம்மை ஒன்று எங்கள் ஊர்ச் சோற்றைத் தின்று சதை போட்டது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் உடனே எப்படி என்று கேட்கிறார்கள். எங்கள் ஊரில் அந்தக் கேள்வியை அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்பதில்லை. சாப்பிட்டால் சதை போடும், இதில் கேட்க என்ன இருக்கிறது. எங்களுக்கு இருந்த கவலையெல்லாம் வேறு: அவளுக்குக் கொடுவா மீன் ஒத்துக்கொள்ளுமா, வெள்ளிக்கிழமையில் கறி கொடுத்தால் பாவம் கொடுத்தவளுக்கா தின்றவளுக்கா, அவள் இடுப்பு பெருத்துப் போனால் லெயோனியின் பிழைப்பு என்ன ஆவது.

லெயோனி எங்கள் ஊர்ப் பெண்தான். அவள் பாட்டனார் காலத்திலேயே பிரெஞ்சுக்காரன் சட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டவர்கள். கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சும் தையலும் படித்து, சைகோனில் சுங்கத்தில் வேலை பார்த்தவனைக் கட்டிக்கொண்டு கப்பலேறி, அவன் அங்கேயே காய்ச்சலில் போய்ச்சேர, முப்பத்தாறு வயதில் ஒரு தகரப்பெட்டியோடு திரும்பி வந்து, கொழுந்தன் வீட்டு அடுப்படியில் ஏழு மாதம் கிடந்தாள். அந்த ஏழு மாதத்தில் கொழுந்தன் பெண்டாட்டி அவளை ஒரு சொல் சொன்னதில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். தட்டில் சோறு போடும்போது மட்டும் அகப்பையை ஒரு கணம் அந்தரத்தில் நிறுத்தி யோசிப்பாள், அவ்வளவுதான். அந்த ஒரு கணத்தைத் தாங்க முடியாமல் லெயோனி ரெட்டைவடச் சங்கிலி, பச்சைக்கல் தோடு, புருஷனின் வெள்ளிக் கடிகாரம் எல்லாவற்றையும் விற்று, மெசோன் வெர்துரோ என்ற பாரிஸ் உடுப்பு மாளிகையின் சரக்கை எங்கள் ஊரில் விற்கிற உரிமையை வாங்கினாள். கடை போனால் மறுபடி அந்த அகப்பைக்குத்தான் போய் நிற்க வேண்டும். இது அவளுக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும்.

பொம்மை புதுச்சேரி வரைக்கும் கப்பலிலும், அங்கிருந்து தோணியில் அரசலாற்றுக்குள்ளும் வந்து இறங்கியது. நாலு பேர் தூக்கிய மரப்பெட்டி. திறந்தால் உள்ளே சிவப்பு வெல்வெட்டில் ஒரு பெண் படுத்த அச்சாகக் குழி வெட்டி, அந்தக் குழிக்குள் அவள் இம்மி பிசகாமல் பொருந்திக் கிடந்தாள். மெழுகில் முகம், மெழுகில் கை, கண்ணாடியில் கண், தலையில் நிஜ மயிர், இடது காதோரம் ஒரு சின்ன மச்சம். உடம்பு மட்டும் தோலில் தைத்துக் குதிரைமயிர் அடைத்தது. கூடவே மூன்று பக்கத்துக்கு ஒரு காகிதம். ஒவ்வொரு பருவத்துக்கும் பாரிஸ் அனுப்புகிற உடுப்பை இவள்தான் போட்டுக்கொண்டு கண்ணாடி ஜன்னலில் நிற்க வேண்டும், விற்கிற உடுப்பெல்லாம் இவள் அளவுக்கு வெட்டிய காகித மாதிரியை வைத்தே தைக்க வேண்டும், விலை எழுதி ஒட்டியதுதான், பேரம் கிடையாது. இடுப்பு ஐம்பத்தாறு சென்டிமீட்டர். அளந்து பார்க்க ஆள் வருவார், ஒரு விரற்கடை கூடியிருந்தாலும் உரிமை ரத்து, பொம்மையும் சரக்கும் அதே பெட்டியில் திரும்ப வேண்டும்.

கடைத் தையலுக்கு அமர்ந்த அபுசாலி நாற்பது வருஷமாக ஊருக்குச் சட்டையும் துரைமாருக்குக் கோட்டும் தைத்தவர். அவர் நாடாவைப் பொம்மையின் இடுப்பில் சுற்றிப் பார்த்துவிட்டு, நாடாவில்தான் தப்போ என்று தன் மணிக்கட்டிலும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தார்.

"மதாம்மா, இது இடுப்பா, கோழிக் கழுத்தா? இவ மூச்சு விடுறது எந்த வழியா?"

"விடாம பழகிக்கிறதுதான் அண்ணே அங்க நாகரிகம்" என்றாள் லெயோனி. "முன்னூறு வருஷமா இப்படித்தான். படம் போட்ட பத்திரிகை வர்றதுக்கு முன்னாடி, பாரிஸ்ல என்ன உடுத்துறாங்கன்னு மத்த தேசத்துக்குக் காட்டப் பொம்மையைத்தான் அனுப்புவாங்களாம். ரெண்டு தேசத்து ராஜாவுக்கும் சண்டை நடந்தாலும் பொம்மை வந்த வண்டிக்கு மட்டும் வழி விட்டுருவாங்களாம்."

"சிப்பாய்க்கு வழி விடாதவன் பொம்மைக்கு விட்டானா. அப்ப அவன் பொண்டாட்டிக்குப் பயந்தவன்" என்று சொல்லிவிட்டு அபுசாலி ஊசியில் நூல் கோத்தார்.

கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. மரைக்காயர் வீட்டுப் பெண்கள் கூண்டு வண்டியில் வந்தார்கள், பெருமாள் கோயில் தெருப் பெண்கள் கோயிலுக்குப் போகிற சாக்கில் வந்தார்கள், வேதக்காரப் பெண்கள் மாதா கோயில் பூசை முடிந்து நேரே வந்தார்கள். லெயோனி எல்லோருக்கும் பாய் போட்டு உட்கார வைத்து, பத்திரிகைப் படங்களைக் காட்டிக் கதை சொல்வாள். பாரிஸ் சீமாட்டிகள் மூங்கில் கூடை மாதிரி வளையம் வைத்துப் பாவாடை கட்டிய காலத்தில் வாசற்படியில் பக்கவாட்டில்தான் நுழைவார்களாம். அதற்குப் பிறகு பின்பக்கம் ஒரு தலையணை வைத்துக் கட்டிய காலம் வந்ததாம், உட்கார முடியாமல் நின்றுகொண்டே விருந்து நடக்குமாம். எல்லாவற்றுக்கும் முன்னால், பிரான்சில் ராஜா ராணி இருந்த காலத்தில், தலைமயிரை ஒரு முழம் உயரம் தூக்கிக் கட்டி மாவு பூசி அதன்மேல் பாய்மரக் கப்பல் ஒன்றை நிறுத்திக்கொண்டு நடனத்துக்குப் போனார்களாம். பெண்கள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, அப்படியானால் பேன் எப்படி எடுப்பார்கள், கப்பலை இறக்கிவிட்டா, ஏற்றியபடியேவா என்று ஒரு மத்தியானம் முழுக்க வாதாடினார்கள். எல்லாம் ஆனது, யாரும் ஒன்றும் வாங்கவில்லை. விலையில் பேரம் இல்லை என்றது முதல் வருத்தம். கேட்டு இழுத்துக் குறைத்து வாங்காத பொருள் பொருளா. இரண்டாவது வருத்தம் பெரிது. ஐம்பத்தாறு சென்டிமீட்டர் இடுப்பு எங்கள் ஊரில் பத்து வயதுக்கு மேல் ஒருத்திக்கும் கிடையாது. குவர்னர் வீட்டு வெள்ளைக்காரச் சீமாட்டிகளோ தங்களுக்கு வேண்டியதை நேரே பாரிஸுக்கு எழுதி வரவழைத்துக்கொள்வார்கள். மூன்று மாதம் இப்படியே போனது, லெயோனி மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தி ராத்திரிக்கு மட்டும் உலை வைத்தாள்.

இந்த நேரத்தில்தான் எண்ணெய்ச்செக்குக்காரர் வீட்டுச் செங்கமலம் ஊருக்குத் திரும்பினாள். லெயோனியின் சின்ன வயசுச் சிநேகிதி, மகள் பிரசவத்துக்குக் கும்பகோணம் போய் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தவள். செங்கமலத்துக்கு நாலு அடிக்கு அப்பால் இருப்பதெல்லாம் கலங்கல்தான். கண்ணாடி போட்டால் மூக்குத்தி எடுபடாது என்று போடமாட்டாள், யாரையாவது பார்க்க வேண்டுமானால் மோவாயைப் பிடித்துத் தன் முகத்துக்குப் பக்கத்தில் இழுத்துத்தான் பார்ப்பாள். அவள் தெருவோடு போகையில் ஜன்னலுக்குள் ஒரு வெள்ளைக்காரப் பெண் நிற்பது கலங்கலாகத் தெரிந்தது. இரண்டாம் நாளும் நின்றாள். மூன்றாம் நாளும் அதே இடத்தில் நின்றாள். புதுசாகக் கலியாணமாகி வந்த பெண் போலிருக்கிறது, ஜன்னலோரம் நின்று நின்று வீட்டை நினைத்து ஏங்குகிறது என்று செங்கமலம் முடிவு கட்டினாள். எங்கள் ஊரில் புதுப்பெண் வந்தால் தெருவில் உள்ள வீடெல்லாம் முறை வைத்து விருந்து போட வேண்டும். வேதம், சாதி, எதுவும் இதில் குறுக்கே வராது. போடாத வீட்டுக்கு ஏழு வருஷத்துக்குப் பேச்சு உண்டு.

நாலாம் நாள் ஒரு தூக்கு நிறையப் பால் கொழுக்கட்டையோடு கடைக்குள் நுழைந்தாள்.

"ஏன்டி லெயோனி, வந்த பொண்ணை நிக்க வச்சே கொல்லுவியா. ஒரு வாய் குடுத்தியா அதுக்கு? எப்படி இளைச்சுக் கெடக்கு பாரு, இடுப்பு கைக்குள்ள அடங்கிடும்போல. சாப்பிடும்மா. வெக்கப்படாத, நான் திரும்பிக்கிறேன்."

லெயோனி வாயைத் திறப்பதற்குள் செங்கமலம் தூக்கைப் பொம்மையின் காலடியில் வைத்துவிட்டு, புதுப்பெண் கூச்சப்படுமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி கும்பகோணத்து மருமகனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். அவள் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் அவள் முகத்தைப் பார்த்துத்தான் ஆகவேண்டும், இல்லையென்றால் கோபம் வரும். ஆகவே லெயோனியும் அபுசாலியும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசி முடித்துத் திரும்பினால் தூக்கு காலி. அடியில் ஒட்டிய தேங்காய்ப்பால்கூட வழித்தெடுத்தாற்போல் இருந்தது.

"பசியோட இருந்திருக்கு, பாவம்" என்று சொல்லிவிட்டுச் செங்கமலம் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு அது பொம்மை என்று ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அப்போதும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொம்மையாயிருந்தால் பசிக்காதா என்றாள்.

செங்கமலம் ஒரு விருந்து போட்டாள் என்றால் மற்ற வீடுகள் சும்மா இருக்க முடியுமா. மறுநாள் மரைக்காயர் வீட்டிலிருந்து நெய்ச்சோறும் இறால் வாடாவும் வந்தன, அதற்கடுத்த நாள் வட்டலப்பம் வந்தது, கோயில் தெருவிலிருந்து புளியோதரை, கடற்கரையிலிருந்து சுறாப்புட்டு, லெயோனியின் சாதிசனத்திலிருந்து முட்டை போட்ட கேக்கு. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அவள் சாப்பிடமாட்டாள், அதனால் அபுசாலி ஜன்னலுக்குள் ஒரு திரை கட்டினார். தட்டை வைத்துத் திரையை இழுத்துவிட்டு நூறு எண்ணினால் தட்டு சுத்தமாக இருக்கும். காரம் மட்டும் ஆகவில்லை, முதல் நாள் மிளகுக் குழம்பில் மெழுகு மூக்கு லேசாகச் சிவந்துவிட்டது. அதற்கப்புறம் அவளுக்கென்று தனியாக மிளகாய் குறைத்து ஆக்கினார்கள்.

இரண்டு மாதத்தில் உடம்பு தேறியது. முதலில் வெயிலுக்கு மெழுகு இளகுகிறது என்றார்கள். பிறகு தோள்பட்டை உருண்டது, மேல்கை திரண்டது, மோவாய்க்குக் கீழே செல்வச்செழிப்பாக ஒரு மடிப்பு விழுந்தது, ஒரு திங்கட்கிழமை காலையில் முதுகுக் கொக்கிகள் வரிசையாகத் தெறித்துப் போயின. ஆஸ்பத்திரி டாக்டர் வந்து தோலை அமுக்கிப் பார்த்து ஆரோக்கியமாக இருக்கிறாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மேரியிலிருந்து, அதாவது நகரசபையிலிருந்து, பதிவுக் குமாஸ்தா பெரிய புத்தகத்தோடு வந்து, ஊரில் சாப்பிட்டு வளர்கிற ஆள் புத்தகத்தில் ஏறவேண்டும், பிறந்த தேதி என்ன என்று கேட்டார்; தேதி யாருக்கும் தெரியாததால் தோணி வந்த தேதியைப் போட்டுக்கொண்டார். தொழில் என்ற இடத்தில் 'நிற்பது' என்று எழுதினார். சீமைப்பொண்ணு என்று நாங்கள் கூப்பிட்ட பெயரும் அதில் ஏறியது.

கொக்கி தெறித்த அன்றைக்கே அபுசாலி கத்தரிக்கோலை எடுத்து, பாரிஸ் காகித மாதிரியைக் கரித்துண்டால் சுற்றிலும் அகட்டி வரைந்து, பட்டுடுப்பைப் பிரித்துப் பக்கவாட்டில் துண்டு கொடுத்துத் தைத்து மாட்டினார். அன்று சாயங்காலம் ஜன்னலைப் பார்த்த மரைக்காயர் மருமகள் கையிலிருந்த விசிறியைக் கீழே போட்டுவிட்டாள். அவளுடைய இடுப்பு அது. அவள் தோள், அவள் கை. அப்படி ஒரு உடம்பின் மேல் அந்த நீலப்பட்டு அவ்வளவு அழகாக விழும் என்று அதுவரை ஒருத்தருக்கும் தெரியாது. மூன்று வாரத்தில் முப்பத்தொரு உடுப்புக்குத் துணி வெட்டினார்கள். சேலைக்காரிகள் சேலையை விடவில்லை, ஆனால் பாரிஸ் லேஸ் வைத்த ரவிக்கைக்கு வந்தார்கள். பவுடர் டப்பியும் லவந்தர்த் தண்ணீரும் வாங்கினார்கள். பேரம் இல்லாத குறையை வேறு வழியில் தீர்த்துக்கொண்டார்கள், ஒரு ரவிக்கை வாங்கினால் ராணி கதை இரண்டு சொல்ல வேண்டும். லெயோனி மத்தியானமும் உலை வைத்தாள். அவளும் சதை போட்டாள், கன்னத்தில் ரத்தம் ஏறியது, கடையைப் பூட்டிக்கொண்டு போகையில் சீமைப்பொண்ணுக்கு வரேன்டி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முந்தின நாள் பாரிஸிலிருந்து கடுதாசி வந்தது. ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை மத்மசேல் ஒர்த்தான்ஸ் என்ற அம்மாள் அளவெடுக்க வருவார் என்றிருந்தது. லெயோனி நாடாவை எடுத்துச் சுற்றிப் பார்த்தாள். எழுபத்தெட்டு.

அன்று அவள் வீடு வீடாகப் போனாள். எங்கள் வீட்டுக்கும் வந்தாள், வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"கையெடுத்துக் கும்பிடுறேன். நாப்பது நாளைக்கு அவளுக்கு யாரும் ஒண்ணும் குடுக்காதீங்க. தவக்காலம்தானே, அவளும் ஒருசந்தி இருக்கட்டும். எனக்கு வேற வழி தெரியல."

தலையாட்டினோம். திரையை அவிழ்த்துவிட்டார்கள், தூக்குகள் நின்றன. ஆறாம் நாள் நாடா ஒரு விரல் இறங்கியது, ஒன்பதாம் நாள் இரண்டு விரல். ஆனால் உடம்பு இறங்குகிற இடத்தில் முகமும் இறங்கியது. கன்னம் ஒட்டியது, மெழுகில் மயிரிழை விரிசல் ஓடியது, சீப்பு போட்டால் கொத்தாக மயிர் வந்தது. அபுசாலி தையலை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

"ஊசி ஓடமாட்டேங்குது மதாம்மா. பசிச்ச பிள்ளைக்கு முன்னால உக்காந்து தைக்க எங்க வாப்பா எனக்குச் சொல்லிக் குடுக்கல."

செங்கமலம் எதிர்ச்சாரியில் நடக்க ஆரம்பித்தாள். அவளுக்கு அங்கிருந்து ஒன்றும் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் கடைக்கு முன்னால் வரும்போது முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு போனாள்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் லெயோனி பொம்மையைப் பெட்டிக்குள் கிடத்திப் பார்த்தாள். வெல்வெட்டுக் குழிக்குள் அவள் அடங்கவில்லை, மூடி ஒரு சாண் தூக்கிக்கொண்டு நின்றது. இன்னும் இருபத்தெட்டு நாள் பட்டினி போட்டால் அடங்கலாம். மறுபடி நிமிர்த்தி நிறுத்திவிட்டுத் தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சோறும் கீரையும். கையில் கவளத்தை எடுத்தாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. சீமைப்பொண்ணுக்கு நேரே அந்தக் கை அந்தரத்தில் நின்றது. கொழுந்தன் வீட்டு அகப்பை இப்படித்தான் நிற்கும் என்பது அப்போது அவளுக்கு நினைவு வந்தது, வந்ததும் அழுதாள், நாங்கள் பார்த்து அவள் அழுதது அந்த ஒரு தடவைதான்.

"அண்ணே, திரையைக் கட்டுங்க" என்றாள். "கடை போனாப் போகட்டும். ஒருத்தியைப் பட்டினி போட்டுத்தான் நான் பிழைக்கணும்னா அந்தப் பிழைப்பு எனக்கு வேண்டாம். அந்த வீட்டுக்கே போய் நிக்கிறேன்."

தன் தட்டை அப்படியே பொம்மையின் காலடியில் வைத்துத் திரையை இழுத்தாள். நூறு எண்ணுவதற்குள் செங்கமலம் தூக்கோடு உள்ளே வந்துவிட்டாள், எதிர்ச்சாரியில் நடந்தவளுக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்.

ஈஸ்டருக்குள் விரிசல் மூடி, மயிர் பளபளத்து, இடுப்பு எண்பத்தொன்றாயிற்று. லெயோனி கணக்கெல்லாம் முடித்து, தகரப்பெட்டியைத் தூசு தட்டி வைத்து, பொம்மைக்கு மிகவும் எடுப்பான மாம்பழ நிறப் பட்டை உடுத்திவிட்டாள். போகிறவள் நன்றாகப் போகட்டும் என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை பேரளத்திலிருந்து வந்த ரயிலில் மத்மசேல் ஒர்த்தான்ஸ் இறங்கினாள். நாற்பது வயசிருக்கும், நெட்டை, கறுப்பு உடுப்பு, தொப்பியிலிருந்து முகத்தை மூடிய வலை, கையில் தோல்பை. இடுப்பு, நம்பினால் நம்புங்கள், கைக்குள் அடங்கும். அந்த வெயிலில் ஸ்டேஷனிலிருந்து கடை வரைக்கும் நடந்தே வந்தாள், நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். அவளுக்குப் பின்னால் பாதி ஊர் நடந்தது. ஆளுக்கு ஒரு தூக்கு, தட்டு, கிண்ணம். கடைசி நாள் அல்லவா, வழியனுப்பச் சோறு கட்டியிருந்தோம்.

கடைக்குள் வந்ததும் தொப்பியைக் கழற்றினாள். பொம்மையை நிமிர்ந்து பார்த்தாள், அப்படியே நின்றுவிட்டாள். செங்கமலம் நேரே போய் வெள்ளைக்காரியின் மோவாயைப் பிடித்துத் தன் முகத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தாள், பிறகு பொம்மையிடம் போய் அதன் மோவாயைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏன்டி லெயோனி, இவ அவளோட அக்கா. அதே மூக்கு, காதோரம் அதே மச்சம். கூடப் பொறந்தவ இப்படி இருக்க, இவளை மட்டும் ஏன் இப்படி வத்தப் போட்டாங்க?"

லெயோனி அதைப் பிரெஞ்சில் சொன்னாள். ஒர்த்தான்ஸ் முக்காலியில் மெதுவாக உட்கார்ந்து, உட்கார்ந்ததும் மூச்சு முட்டி மறுபடி எழுந்து நின்று, நின்றபடியே பதில் சொன்னாள். லெயோனி எங்களுக்குத் தமிழில் சொன்னாள். பதினெட்டு வயதில் அவள் அந்த மாளிகையில் பித்தான் தைக்கிற பெண்ணாக இருந்தாளாம். முதலாளிக்கு அவள் முகமும் இடுப்பும் பிடித்துப்போய், மெழுகில் அச்செடுத்துப் பதின்மூன்று பொம்மை செய்தார்களாம், கெய்ரோவுக்கு ஒன்று, லிமாவுக்கு ஒன்று, இப்படி. ஊர் ஊராகப் போய் அவற்றை அளக்கிற வேலையை அவளுக்கே கொடுத்தார்கள். அளக்கிறவளும் அதே அளவில் இருக்கவேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை, ஆனால் ஒவ்வொரு புதுவருஷத்துக்கும் முதலாளி முன்னால் அவள் இடுப்பிலும் நாடா சுற்றப்படும். இருபத்திரண்டு வருஷமாகக் காலையில் கறுப்புக் காப்பி, மத்தியானம் ஒரு அவித்த முட்டை, ராத்திரி அரை ஆப்பிள். போன ஊரிலெல்லாம் மற்றப் பன்னிரண்டு பொம்மையும் ஐம்பத்தாறிலேயே நின்றன. நான் இப்படியும் இருக்கலாம் என்று எனக்கு ஒருத்தியும் காட்டவில்லை என்றாள்.

பிறகு நாடாவை எடுத்துப் பொம்மையின் இடுப்பில் சுற்றினாள். எண்பத்தொன்று. லெயோனி முன்னால் வந்தாள்.

"நான்தான் சாப்பாடு போட்டேன். விதி தெரிஞ்சேதான் போட்டேன். இவங்க யாரு மேலயும் தப்பில்ல, அவ மேலயும் தப்பில்ல."

ஒர்த்தான்ஸ் அவளைப் பார்க்கவில்லை. பொம்மையின் கன்னத்தை விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள், அந்த மோவாய் மடிப்பைக்கூடத் தொட்டுப் பார்த்தாள்.

"இவளுக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டாள்.

"பால் கொழுக்கட்டை" என்றாள் லெயோனி.

ஒர்த்தான்ஸ் தோல்பையிலிருந்து அச்சடித்த படிவத்தை எடுத்து விரித்தாள். உயரம், தோள், மார்பு என்று ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்து, இடுப்பு என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தினாள். நாடாவைப் பொம்மையிடமிருந்து உருவித் தன் இடுப்பில் சுற்றி, அபுசாலியைப் பக்கத்தில் கூப்பிட்டு எண்ணைப் படிக்கச் சொன்னாள். அபுசாலி குனிந்து படித்தார். ஐம்பத்தாறு. அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து அரக்கு முத்திரை குத்தினாள். முத்திரை காய்கிற வரை காத்திருந்தாள். பிறகுதான் செங்கமலத்தின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

செங்கமலத்துக்கு விஷயம் எதுவும் புரியவில்லை, நீட்டிய கை மட்டும் புரிந்தது. தூக்கிலிருந்த பால் கொழுக்கட்டையை இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள்.

"எல்லாரும் திரும்பிக்குங்க" என்றாள். "கூச்சப்படும்."

ஒர்த்தான்ஸ் உள்ளே போனதும் திரையை இழுத்துவிட்டு நாங்கள் அத்தனை பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நூறு எண்ணினோம். இருநூறு எண்ணினோம். உள்ளே கொக்கிகள் ஒவ்வொன்றாக அவிழ்கிற சத்தம் கேட்டது, அதற்கப்புறம் யாரோ அடிவயிற்றிலிருந்து மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. திரையைத் திறந்தபோது இரண்டு கிண்ணமும் காலி.

ஒரு நாளைக்கு வந்தவள் ஒன்பது நாள் இருந்தாள். புதுப்பெண்ணின் அக்காளுக்கும் விருந்து முறை உண்டு என்று ஊர் தீர்மானித்துவிட்டது. போகையில் அபுசாலி அவளுடைய கறுப்பு உடுப்பை இரண்டு பக்கமும் பிரித்துத் துண்டு வைத்துக் கொடுத்தார். பொம்மை வந்த பெட்டியை லெயோனி வெல்வெட்டை உரித்துவிட்டு அரிசி கொட்டி வைத்துக்கொண்டாள், மூன்று கலம் பிடித்தது.

அடுத்த வருஷம் ஈஸ்டர் நெருங்க நெருங்க லெயோனிக்குத் தூக்கமில்லை. எழுதுவதற்கு இப்போது ஐம்பத்தாறு எங்கே இருக்கிறது, ஊரில் தேடினாலும் கிடைக்காது. ரயிலிலிருந்து ஒர்த்தான்ஸ் இறங்குவதைப் பார்த்ததும் கடை போயிற்று என்றே லெயோனி நினைத்தாள். கன்னம் பூரித்து, கை திரண்டு, நெஞ்சுக்குக் கீழே எங்கும் பிடிக்காமல் நேராகத் தொங்குகிற ஒரு புதுமாதிரி உடுப்பில், ஸ்டேஷனிலிருந்து ஒரு இடத்திலும் நிற்காமல் நடந்து வந்தாள். கடைக்குள் வந்து படிவத்தை லெயோனியின் கையில் கொடுத்தாள். லெயோனி படித்தாள். உயரம், தோள், மார்பு, பாதம். இடுப்பு என்ற கட்டமே இல்லை. பாரிஸில் அந்த வருஷம் இடுப்பு போய்விட்டதாம், சீமாட்டிகள் இடுப்பை இறுக்குகிற எலும்புக் கச்சையைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார்களாம், இனி யாருக்கும் அந்த அளவு வேண்டாமாம். எங்கள் ஊர்க் கொழுக்கட்டைதான் அங்கே போய் வேலை செய்தது என்று அபுசாலி சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதற்குச் சத்தியம் செய்யமாட்டேன், மறுக்கவும் மாட்டேன்.

லெயோனி படிவத்தை மறுபடி முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். ஒர்த்தான்ஸ் அவளைத் தாண்டி ஜன்னலுக்குப் போய், சீமைப்பொண்ணின் மோவாயைப் பிடித்துத் தன் முகத்துக்குப் பக்கத்தில் இழுத்து, தனக்குத் தெரிந்த ஒரே தமிழில் கேட்டாள்.

"சாப்பிட்டாச்சா?"

"இன்னும் இல்ல" என்றாள் லெயோனி. "உங்களுக்காகத்தான் காத்திருக்கா."